பூனைக்கு கருத்தடை ஆபரேஷன் பண்ண அலைஞ்ச கத... கம்மி செலவுல பண்ணவங்க உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

மொட்டை மாடில வந்து ஒட்டிக்கிட்ட பூனை இது. அஞ்சு மாசம் கூட ஆகியிருக்காது, ராத்திரி பூரா ஒரே கத்தல், தரையில உருளுது, நான் வயித்து வலின்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுக்கலாமான்னு யோசிச்சேன் (சிரிக்காதீங்க, அது இணை தேடுற கத்தல்னு அப்ப தெரியாது). ரெண்டு மாசத்துல நாலு குட்டி. அதுங்க பால் குடிச்சுகிட்டு இருக்கும்போதே மறுபடி வயிறு! பால் குடுக்குறப்ப சினை பிடிக்காதுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னத நம்புனேன் பாருங்க.

ரெண்டாவது ஈத்து குட்டிங்களையும், ஒண்ணத் தவிர, ஆள் பிடிச்சு குடுத்து முடிச்சதும் தெருமுனை கிளினிக்ல கேட்டேன், ஒன்பதாயிரம்னாங்க, ரத்த டெஸ்ட் தனியாம். அப்புறம் ஆபீஸ்ல ஒரு அண்ணன் சொல்லி வேப்பேரி போனேன், கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி, 1903ல ஆரம்பிச்ச காலேஜ். மொத நாள் செக் பண்ணி ரத்தம் எடுத்து தேதி குடுத்தாங்க, அவ்வளவுதான். ரெண்டாவது தடவ வெறும் வயித்தோட கொண்டு வாங்கன்னு சொல்லியிருந்தாங்க, எங்கம்மா பாவம் பசிக்குதேன்னு காலைல பால் வச்சுட்டாங்க. மயக்கத்துல வாந்தி எடுத்தா நுரையீரலுக்குள்ள போயிடும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது தடவதான் முடிஞ்சுது. மருந்து ஆட்டோ எல்லாம் சேர்த்தும் கிளினிக்ல கேட்டதுல பாதி வரல, ஆனா மூணு நாள் லீவு காலி. தையலை நக்காம இருக்க கழுத்துல கோன் மாட்டுனா பின்பக்கமாவே நடக்குது, கடைசில பழைய சாக்ஸ்ல நாலு ஓட்டை போட்டு சட்டையா மாட்டி விட்டேன்.

---

திருநெல்வேலிலேர்ந்து எழுதுதேன். எங்க வீட்டு நாய் கடுவன், மார்கழி வந்தா வீடு தங்காது, காதெல்லாம் கடிபட்டு வரும். ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரில பண்ணோம். ஆம்பளைக்கு வயித்த கிழிக்க வேண்டாம்லா, செலவும் கம்மி, சாயங்காலமே எந்திரிச்சு நடந்துட்டான். எங்க ஆச்சிதான் ஒரு வாரம் எங்கூட பேசல, பாவம் பண்ணிட்டனாம். ஒண்ணு மட்டும் கவனிங்க, ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே அவுத்து விட்றாதீங்க, கொஞ்ச வாரத்துக்கு சினை பிடிக்க வைக்கிற வாய்ப்பு இருக்காம்.

---

காசு பாத்து தள்ளிப் போட்டவ நான். எங்க லேப்ரடாருக்கு ஏழு வயசு, ஹீட் (இணை சேர்ற பருவம்) முடிஞ்சு ஒரு மாசத்துல சாப்பாடு நிறுத்திட்டா, தண்ணியா குடிச்சா. ஸ்கேன்ல கர்ப்பப்பை பூரா சீழ். பயோமெட்ராவாம், முன்னாடியே கருத்தடை பண்ணியிருந்தா வந்திருக்காதாம். ராத்திரி பதினோரு மணிக்கு அவசர ஆபரேஷன், இருபத்தெட்டாயிரம், நகைய வச்சுதான் கட்டுனேன். பொழச்சுட்டா. அதுக்கு மேல எழுத முடியல.

---

தெருநாய்க்கு கேக்குறவங்களுக்கு: சென்னைல மாநகராட்சியே பிடிச்சுட்டுப் போய் பண்ணி, ஊசி போட்டு, அதே தெருவுல விடுவாங்க, காசு கிடையாது. விலங்குகளுக்காக வேலை செய்யுற ப்ளூ கிராஸ் அமைப்பு 1964லயே இத ஆரம்பிச்சுட்டாங்க. காது ஓரத்துல சின்ன வெட்டு இருந்தா ஏற்கனவே ஆயிடுச்சுன்னு அர்த்தம், எவனோ வெட்டிட்டான்னு எங்க அபார்ட்மெண்ட் குரூப்புல ஒரு பெரிய சண்டையே நடந்துச்சு.

---

மேல எழுதுன பூனைக்காரிதான். குட்டில ஒரு கடுவன எங்கிட்டயே வச்சிருக்கேன், அதுக்கு வர்ற வியாழக்கிழமை தேதி குடுத்திருக்காங்க. புதன்கிழமை ராத்திரியே பால் பாக்கெட்ட அம்மா கண்ணுல படாம ஒளிச்சு வைக்கணும்.