கோழிக்குச் சளி, அமாக்ஸிசிலின் எவ்வளவு கலக்க வேண்டும்?

கூரைமேல்: அவசரம். கோழி தும்முகிறது, ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. முன்பு வாங்கிய அமாக்ஸிசிலின் பொடி மிச்சம் இருக்கிறது. தண்ணீரில் எவ்வளவு கலக்கலாம்? அப்புறம், வீட்டில் எப்போதும் வைத்திருக்க வேண்டிய ஆன்டிபயாட்டிக் எவை என்று யாராவது பட்டியல் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

வெடக்கோழி: எத்தனை கோழி? என்ன வயது? முட்டை இடுகிறதா? ஒன்றுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்கும் இருக்கிறதா?

கொண்டைச்சேவல்: முதலில் எச்சத்தைப் பாருங்க. ரத்தம் இருந்தால் ரத்தக்கழிச்சலுக்கான ஆம்ப்ரோலியம் மருந்து, யோசிக்கவே வேண்டாம்.

வெடக்கோழி: தும்மலுக்கும் ரத்தக்கழிச்சலுக்கும் என்ன சம்பந்தம் அண்ணே? எல்லா இழையிலும் இதே பதிலா?

கொண்டைச்சேவல்: பத்தில் எட்டு தடவை அதுவாகத்தான் இருக்கும்.

ஈரக்கூளம்: கொட்டகையில் குனிந்து, கோழி தலை இருக்கும் உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கண் எரிந்தால் ஈரக் கூளத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு. கூளத்தை மாற்றிக் காற்று விட்டாலே பாதி சரியாகும்.

கூரைமேல்: எட்டு கோழி, எல்லாம் பெரியது, அதில் இரண்டு கோழி முட்டை இடுகிறது. எச்சம் சாதாரணம், கூளம் காய்ந்துதான் கிடக்கிறது. இன்னொரு கோழியும் தும்ம ஆரம்பித்துவிட்டது. புதிதாக வந்த சேவலுக்கு ஒன்றும் இல்லை. அளவு மட்டும் சொல்லுங்க.

வெடக்கோழி: புதுச் சேவலா? அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா!

பண்ணைப்பெரியவர்: இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனை முறைதான் பதில் எழுதுவது, தேடிப் பார்க்கும் பழக்கமே இல்லை. சரி, கேளுங்கள். அமாக்ஸிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்ட விடாமல் கெடுக்கும் மருந்து. கோழிக்குச் சளி தரும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது, கிலோக்கணக்கில் கொட்டினாலும் அதற்கு உறைக்காது. கண்ணில் நுரை, மூச்சில் கரகரப்பு என்றால் அதைச் சந்தேகிக்கலாம். முகம் வீங்கி, மூக்கு ஒழுகி, நாற்றமும் அடித்தால் கோரைசா என்ற பாக்டீரியா சளி நோய். அலகைத் திறந்து பாருங்கள், உள்ளே மஞ்சள் படலம் இருந்தால் அம்மையாகவும் இருக்கலாம். அது வைரஸ், ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. மைக்கோபிளாஸ்மாவோ கோரைசாவோ வந்து தேறிய கோழி, பார்க்க நன்றாக இருந்துகொண்டே மற்றதற்குப் பரப்பும். உங்கள் சேவல் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

மருந்துப்பெட்டி: ஐயா சொல்வது சரி. ஆனால் ராத்திரியில் கோழி மூச்சுக்குத் திணறினால் டாக்டருக்கு எங்கே போவது? டைலோசின், ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் என்னிடம் எப்போதும் இருக்கும்.

வெடக்கோழி: அப்படி எல்லாரும் வைத்துக்கொண்டு அரைகுறையாகக் கொடுத்துத்தான் மருந்து கேட்காத கிருமி வளர்கிறது. கோழிக்கு என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை அமெரிக்கா 2005-இல் நிறுத்தியதே இதற்காகத்தான். மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கு தரும் கேம்பைலோபேக்டர் என்ற கிருமி அந்த வகை மருந்துக்கு மசியாமல் போனது.

மருந்துப்பெட்டி: ஆயிரக்கணக்கில் வளர்க்கிற பண்ணைகளை விட்டுவிட்டு எட்டு கோழிக்காரரைப் பிடித்துக்கொண்டீர்கள்.

வெடக்கோழி: எட்டோ எட்டாயிரமோ, முட்டையில் மருந்து தங்கத்தானே செய்யும்? எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்று லேபிளைப் பார்த்திருக்கிறீர்களா?

மருந்துப்பெட்டி: பார்க்காமல் கொடுப்பேனா? ஆக்ஸிடெட்ராசைக்ளின் கொடுக்கும்போது கிளிஞ்சல் தூளையும் எடுத்துவிடுவேன், கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்துத் தண்ணீரைத் தினமும் புதிதாகக் கலக்கிறேன். சும்மா பேசாதீர்கள்.

ஈரக்கூளம்: நோய் முற்றிய கோழி தண்ணீரே குடிக்காது. தண்ணீரில் கலந்தால் மருந்து நன்றாக இருக்கிற கோழிக்குத்தான் போகும்.

பண்ணைப்பெரியவர்: பட்டியல் கேட்டவருக்கு: தனிக்கூண்டு, எலக்ட்ரோலைட் பொடி, கண் கழுவ உப்புநீர், எடைபோட ஒரு தராசு. ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் எழுதிய பிறகு வாங்குங்கள். கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் மருந்து தேட வேண்டாம், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். பறவைக்காய்ச்சலாக இருக்கலாம்.

கொண்டைச்சேவல்: ஆம்ப்ரோலியத்தை விட்டுவிட்டீர்களே பெரியவரே. அது ஆன்டிபயாட்டிக்கும் இல்லை.

கூரைமேல்: டாக்டர் பார்த்தார், கோரைசா என்கிறார். வேறு மருந்து எழுதியிருக்கிறார். சேவல் தனிக்கூண்டில். எல்லாருக்கும் நன்றி.

வெடக்கோழி: என்ன மருந்து? முட்டையை எத்தனை நாள் தவிர்க்கச் சொன்னார்?

மருந்துப்பெட்டி: மிச்சப் பொடியில் காலாவதி தேதி என்ன போட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

வெடக்கோழி: @கூரைமேல் இருக்கிறீர்களா?