பற்றரி மாற்றினதும் காரின் திரை பூட்டிக்கொண்டது, யப்பானிய மொழியில் ஏதோ கேட்கிறது. என்ன செய்யலாம்?

கோண்டாவில்காரன்:

வணக்கம். கார் விசயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள், திட்டுவதென்றால் பிறகு திட்டலாம்.

என்னிடம் இருப்பது யப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த 2014 ஆம் ஆண்டுச் சின்ன ஹைபிரிட். மொடல் சொல்லமாட்டேன், சொன்னால் நாளைக்கு விற்கப்போகும்போது வாங்க வருகிறவர் இந்தப் பதிவைத் தூக்கிக்கொண்டு வந்து விலை குறைப்பார். போன கிழமை விடியவெள்ளென அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக வெளிக்கிட்டால் கார் எழும்பவில்லை. விளக்கெல்லாம் மங்கலாக மின்னிவிட்டு உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காரை ஓட்டுகிற பெரிய ஹைபிரிட் பற்றரி போய்விட்டது, இலட்சக் கணக்கில் கையை விட்டுப் போகப்போகிறது என்று நினைத்து எனக்குக் காலே நடுங்கியது. ஒழுங்கை முடக்கில் இருக்கிற கராஜ் பாஸ் வந்து பார்த்துவிட்டு, தம்பி பயப்படாதை, பின் சீற்றுக்குக் கீழே இருக்கிற சின்னப் பற்றரிதான் செத்துப்போச்சு என்றார். புதுசு வாங்கிப் போட்டதும் கார் எழும்பிவிட்டது.

சந்தோசம் அரை நிமிடம்தான். நடுவில் இருக்கிற நவிகேசன் திரை முழுக்க யப்பானிய எழுத்து, கூடவே ஒரு பூட்டுப் படம். எங்கே தொட்டாலும் திரும்பத் திரும்ப அதே பக்கம். பாட்டும் இல்லை, புளூரூத்தும் இல்லை. ஆனால் காரைப் போட்டவுடன் வழக்கமாகக் கதைக்கிற அந்தப் பெண் குரல் மட்டும் நிற்கவில்லை. ஈ டீ சீ என்று தொடங்கி "சரேத்தே இமசென்" என்று முடிக்கும். மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் கேட்கிறேன், அது எனக்கு நன்றி சொல்கிறதா ஏசுகிறதா என்று இன்னும் தெரியாது.

பாஸ் சொல்கிறார், உதைக் கழற்றி எறிந்துவிட்டு அன்ரொயிட் பிளேயர் ஒன்று போடு என்று. செய்யலாமா? அல்லது பழையதைத் திறக்க வழி இருக்கிறதா? 2020இல் இறக்குமதியை நிறுத்தின பிறகு, இருந்த வாகனங்களுக்குத் தங்கத்தின் விலை வந்த நேரத்தில் வாங்கின கார் இது. அதனால் வயர்களை வெட்டிக் கொத்த மனம் வரவில்லை.

வயர்மன் சுன்னாகம்:

கிழமைக்கு ஒருவராவது இதே முகத்தோடு என்னிடம் வருகிறார்கள், அதனால் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்தச் சின்ன 12 வோல்ற் பற்றரி முழுதாகக் கழன்றால் நவிகேசன் செற் தன்னை யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும். யப்பானில் நவிகேசன் செற் களவு போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. திரும்ப மின்சாரம் வந்ததும் வரைபடம் இருக்கிற எஸ்.டி. கார்டைக் கேட்கும், சிலது அதற்கு மேலே ஒரு கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல் வைத்தவர் நகோயாவிலோ எங்கேயோ இருக்கிற முதல் சொந்தக்காரர். திரையில் தெரிகிற இலக்கத்தை வைத்துத் திறப்பு எண் எடுத்துத் தருகிற ஆட்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள், காசு கேட்பார்கள். ஆனால் கார்ட் இல்லாமல் அது பெரும்பாலும் நடக்காது. முதலில் திரையைச் சாய்த்து அந்தத் துளைக்குள் கார்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனிமேல் பற்றரி மாற்றும்போது வேறொரு 12 வோல்ற் பற்றரியைப் பக்கத்தில் வைத்து வயரால் இணைத்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு வயர், ஐந்து நிமிட வேலை, இந்தத் தலையிடி முழுக்க வராது. இது தெரிந்த பாஸ்மார் இருக்கிறார்கள், ஏனோ அவசரத்தில் செய்யமாட்டார்கள்.

கோண்டாவில்காரன்:

துளைக்குள் கார்ட் இல்லை.

எங்கே போனது என்றும் இப்போது தெரிந்துவிட்டது. போன வருடம் மருமகப் பெடியன், மாமா இதில் ஒரு மெமறி கார்ட் சும்மா கிடக்கு என்று கேட்டான், நானும் எடுத்துக்கொள் என்றேன். அவன் அதை அழித்து கிரிக்கெட் வீடியோ நிரப்பி வைத்திருக்கிறான். அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா?

வயர்மன் சுன்னாகம்:

அந்தக் கார்ட் அந்தச் செற்றுக்கென்றே பூட்டிக் கொடுத்தது. வேறு காரின் கார்டைக் கொண்டுவந்து போட்டாலும் ஏற்காது. பெடியன் கிரிக்கெட்டைப் பார்க்கட்டும், விடுங்கள்.

பழைய மொறிஸ்:

தம்பிமார் கோபிக்கக்கூடாது. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் இதே யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் மண்ணெண்ணெயில் ஓடினோம். காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அப்படியே சாவகச்சேரிக்குப் போய்த் திரும்பி வந்த ஆள் நான். அந்தக் கார் என்னிடம் கடவுச்சொல் கேட்டதில்லை. குறடு, திருகாணி முறுக்கி, ஒரு துண்டு வயர், இவ்வளவும் இருந்தால் வழியில் நிற்கவேண்டியதில்லை. இப்போது உங்கள் காருக்குள் பற்றரி செத்தால் பாட்டுப்பெட்டியும் சேர்ந்து சாகிறது, இதற்கு முன்னேற்றம் என்று பெயர்.

கரும்பலகை:

ஐயா, அந்தக் காருக்குப் பின்னால் சைக்கிளில் வந்தவர்களின் கண் எரிவையும் சேர்த்துச் சொல்லுங்கோ. நான் அப்படி வந்த ஆள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை வீட்டுக்குப் போகும்போது வேறு நிறம்.

கோண்டாவில்காரன், பாட்டுப்பெட்டிக் கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு மீற்றரில் வருகிற எழுத்துகளைப் பற்றி யோசியுங்கள். நான் படித்த பாடம் இது. எங்கள் வீட்டிலும் யப்பான் ஹைபிரிட்தான், வேறு மொடல். போன வருடம் சித்திரை வெயிலில் மீற்றரில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி எழுத்து வந்தது. என் கணவர், அது சேர்விஸ் ஞாபகப்படுத்துகிறது, நெடுக வரும் என்றார். நானும் நம்பிவிட்டேன். மூன்று கிழமை அந்த எழுத்தோடேயே பள்ளிக்கூடம் போய் வந்தேன். பிறகு ஒரு நாள் கிளிநொச்சிக்குப் போகும்போது ஆனையிறவு தாண்டிக் கார் இழுக்க மாட்டேன் என்றது, எல்லா விளக்கும் எரிந்தது, உப்பளக் காற்றில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் நின்றோம்.

காரணம் என்ன தெரியுமா? ஹைபிரிட் பற்றரிக்குக் குளிர்காற்றுப் போகிற துளை பின் சீற்றுப் பக்கத்தில் இருக்கிறது. அது காருக்குள் இருக்கிற காற்றைத்தான் இழுக்கும். எங்கள் செம்மண் தூசி, பிள்ளைகளின் பிஸ்கற் தூள், பஞ்சு எல்லாம் சேர்ந்து விசிறிக்குள் போய் ஒரு கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. போதாததற்குத் துளைக்கு முன்னால் புத்தகப் பையை வைப்பது வழக்கம். காற்றுப் போகாவிட்டால் பற்றரி சூடாகும், சூடானால் கெதியாகச் சாகும். விசிறியைக் கழற்றித் துப்புரவாக்கின கூலி மிகக் குறைவு, ஆனால் அதற்கிடையில் பற்றரிக்குள் அடுக்கியிருக்கிற செல் கட்டுகளில், மொடியூல்கள் என்பார்கள், சில போய்விட்டன. அந்தக் கணக்கைச் சொல்லி உங்களைப் பயப்படுத்த விரும்பவில்லை.

கைபேசிக் கமெராவை எழுத்துக்கு நேரே பிடித்தால் கூகுள் மொழிபெயர்ப்பு தமிழிலேயே காட்டுகிறது. அரைகுறைத் தமிழ்தான், ஆனாலும் பற்றரி, சூடு, எண்ணெய் என்ற சொற்கள் வந்தால் போதும். வண்டி ஓடும்போது செய்யவேண்டாம், ஓரமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். நான் வந்த ஒவ்வொரு எச்சரிக்கையையும் படம் எடுத்து, கீழே பொருளை எழுதி, ஒரு தாளாக்கி டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். இப்போது இவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் கருத்துச் சொல்கிறார்.

நான் தமிழ் படிப்பிக்கிற ஆள் என்பதால் இன்னொன்று. தமிழும் யப்பானிய மொழியும் உறவுள்ளவை என்று யப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ சொன்னார். எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து வருடக் கணக்காக ஆராய்ந்தார்கள். மொழியியலாளர்களில் பலர் அதை ஏற்கவில்லை. ஆனையிறவில் நின்ற அந்த ஒரு மணித்தியாலத்தில் நானும் ஏற்கவில்லை.

ஒசாகாவில் ஒருவன்:

ஊர் அளவெட்டி, இப்போது இங்கே வேலை. அந்தப் பெண் குரலின் மர்மத்தை உடைத்துவிடுகிறேன், மன்னிக்கவும். ஈ.ரி.சி. கார்ட் செருகப்படவில்லை என்கிறார், வேறு ஒன்றும் இல்லை. இங்கே நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டுவதற்குப் பெரும்பாலான கார்களில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதற்குள் கார்ட் போட்டால் வாசலில் நிற்காமல் போகலாம். கார்ட் போட மறந்து வாசலுக்குள் போனால் தடுப்பில் முட்டவேண்டி வரும், அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் சொல்கிறது. கோண்டாவிலில் எந்த வாசலும் இல்லை, ஆனால் பெட்டிக்கு அது தெரியாதே. ஸ்ரேறிங்குக்குக் கீழேயோ டாஷ்போர்ட் பெட்டிக்குள்ளேயோ உள்ளங்கை அளவில் இருக்கும், பின்னால் இருக்கிற பிளக்கைக் கழற்றினால் அமைதி. வேறு எதையும் அது பாதிக்காது.

பூட்டுவதற்கு முன்னர் உங்கள் திரையில் நேரம் மூன்றரை மணித்தியாலம் முந்திக் காட்டியிருக்குமே? செய்மதியிலிருந்து நேரத்தை எடுத்து யப்பான் கணக்குக்கு மாற்றிக் காட்டும், நாங்கள் திருத்த இடம் கொடுக்காத செற்கள் பல இருக்கின்றன.

கோண்டாவில்காரன்:

ஓம், அதேதான். காலை ஏழு மணிக்குப் பத்தரை என்று காட்டும். அம்மா ஒவ்வொரு முறையும் காருக்குள் ஏறி, ஐயோ கிளினிக் முடிந்திருக்குமே என்று பதறுவார். கரும்பலகை ரீச்சர், உங்கள் பதிவை வாசித்துவிட்டு உடனே போய்ப் பின் சீற்றுப் பக்கத்தைப் பார்த்தேன். அந்தத் துளைக்கு முன்னால் அம்மா வைத்த குசன் இரண்டு இருக்கிறது. எடுத்துவிட்டேன். சனிக்கிழமை விசிறியைக் கழற்றப் போகிறோம்.

அப்படியென்றால் பழைய செற் போனதுதான். அன்ரொயிட் போடுவதென்றால் எதைக் கவனிக்கவேண்டும்?

வயர்மன் சுன்னாகம்:

போடலாம், ஆனால் இரண்டு மூன்று விசயம் கேட்டு வாங்குங்கள். முதலாவது, உங்கள் காருக்கென்று வருகிற பிளக் சொக்கற்றோடு வாங்குங்கள், அப்போது ஒரு வயரும் வெட்டத் தேவையில்லை, விற்கும்போது பழையதைத் திரும்ப மாட்டலாம். ரேப் சுற்றி ஒட்டித் தருகிறேன் என்கிற ஆளிடம் காரைக் கொடுக்கவேண்டாம், எங்கள் வெயிலில் அந்த ரேப்பின் பசை ஆறு மாதத்தில் உருகி வழியும்.

பின்பக்கக் கமெராதான் முக்கியம். கம்பனியில் இருந்தே வந்த கமெரா பலவற்றுக்கு 6 வோல்ற்தான் தேவை, ரொயோட்டாவில் பெரும்பாலும் அப்படித்தான். புதுப் பிளேயர் 12 வோல்ற் கொடுக்கும். நேரே கொடுத்தால் கமெரா எரியும், பிறகு கமெரா பழசு அண்ணை, அதுதான் போச்சு என்று உங்களிடமே புதுக் கமெராவுக்கும் காசு வாங்குவார்கள். இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கிற சின்னப் பெட்டி போடுகிறார்களா என்று கேளுங்கள். கேட்ட கேள்விக்கு முழுசினால் வேறு கடைக்குப் போங்கள்.

பெட்டியில் எழுதியிருக்கிற 8 ஜி.பி. ராம் கதையை நம்பவேண்டாம். கண்ணுக்கு முன்னால் போட்டுப் பார்த்து, எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது, வரைபடமும் பாட்டும் ஒன்றாகப் போட்டால் திக்குகிறதா என்று பாருங்கள். அப்புறம், காரை நிறுத்தின பிறகும் பிளேயர் மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தால் உங்கள் புதுப் பற்றரி மூன்று நாளில் திரும்பப் படுத்துவிடும். மாட்டி முடிந்ததும் மீற்றர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஒரு நன்மை, வானொலி முழுக்கக் கேட்கலாம். உங்கள் காரின் வயது யப்பான் செற்கள் பெரும்பாலும் 76 இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், எங்கள் நிலையங்கள் 88 இலிருந்து 108 வரை. அலைவரிசை மாற்றிப் பெட்டி ஒன்றை இடையில் போட்டால் அலைவரிசையைக் கீழே இறக்கித் தரும், ஆனால் 14 அகலமான யன்னலுக்குள் 20 அகலத்தை எப்படி நுழைப்பது? எப்படியும் கொஞ்ச நிலையங்கள் வெளியே நிற்கும். அதுதான் உங்களுக்கு இவ்வளவு நாளும் பாதி நிலையம் வராதது.

பழைய மொறிஸ்:

ரீச்சருக்கு: புகை உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த உடுப்பும் அதே நிறம்தான்.

கோண்டாவில்காரன்:

முடிவைச் சொல்லிவிட்டுப் போகிறேன், பிறகு தேடி வருகிறவர்களுக்கு உதவும். சனிக்கிழமை விசிறி கழற்றினோம், பாஸ் உள்ளே இருந்து எடுத்த பஞ்சை வைத்து ஒரு சின்னத் தலையணை தைக்கலாம். பற்றரிக்கு ஒன்றும் ஆகவில்லை, தப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிளேயர் மாட்டினேன். முதல் இரண்டு கடையில் கமெராவுக்கு எத்தனை வோல்ற் என்று கேட்டதும் முழுசினார்கள், மூன்றாவது கடைப் பெடியன் தானே அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துக் காட்டினான். ஒரு வயரும் வெட்டவில்லை. எழும்ப நாற்பது விநாடி எடுக்கிறது, அது எரிச்சல்தான், காரைப் போட்டுவிட்டுப் படலையைத் திறக்கப் போய்வந்தால் சரியாக இருக்கிறது.

ஈ.ரி.சி. பெட்டியின் பிளக்கையும் கழற்றினேன். அடுத்த நாள் அம்மா காருக்குள் இருந்துகொண்டு, ஏன் இண்டைக்கு அந்தப் பிள்ளை ஒன்றும் கதைக்கவில்லை, கார் பழுதோ என்று கேட்டார். விளங்கப்படுத்திப் பார்த்தேன், சரிவரவில்லை. திரும்ப மாட்டிவிட்டேன்.

புதியவர் மானிப்பாய்:

கழற்றின பழைய செற் விற்கிறதா அண்ணை? பூட்டியிருந்தாலும் பரவாயில்லை, எனக்குத் திரைக் கண்ணாடி மட்டும்தான் தேவை. கீறல் இருக்கா?