சரிவின் நடுவே மடிப்பும் பிளவும் அடுத்தடுத்து: உப்புக்கு அடியிலுள்ள மேடுதான் காரணமா?

மாணவி:
அங்கோலா கடற்பகுதியிலுள்ள குவான்சா படுகையின் நில அதிர்வு வெட்டுமுகம் (அதிர்வலைகளின் எதிரொலியால் கிடைக்கும் நிலத்தடிப் படம்) ஒன்றை ஆய்வேட்டுக்காக வரைந்துகொண்டிருக்கிறேன். கரைப்பக்கம் இழுபட்டுப் பிளவுகள், ஆழ்கடல் பக்கம் நெருக்குண்டு மடிப்புகள் என்றுதான் படித்தோம். இங்கோ சரிவின் நடுவிலேயே மடிப்பு, அதற்கு மேற்கே பிளவுகள், மறுபடியும் மடிப்பு. மூன்று முறை அழித்து வரைந்துவிட்டேன். படிவு அடுக்குகளுக்குக் கீழே, மெல்ல வழிந்து நகரும் பழைய உப்பு அடுக்கு ஒன்று இருக்கிறது; அதன் அடித்தளத்தில் ஒரு மேடு தெரிகிறது.

பதில் 1:
முதலில் அந்த மேடு உண்மைதானா என்று பாருங்கள். வெட்டுமுகத்தின் செங்குத்து அளவு நேரமா (அலை போய்த் திரும்ப எடுத்தது), ஆழமா? உப்பில் அலை விநாடிக்கு ஏறத்தாழ 4,500 மீட்டர் வேகத்தில் செல்லும். பக்கத்துப் படிவில் 3,000 என்று வைத்துக்கொள்வோம். 2 கி.மீ. தடிமனைக் கடந்து திரும்ப உப்பில் 0.89 விநாடி, படிவில் 1.33 விநாடி. இந்த வேறுபாடு போதும்: தடித்த உப்பின் அடியிலிருந்து எதிரொலி சீக்கிரம் திரும்புவதால் சமதளமும் மேடாகத் தெரியும்.

மாணவி:
நேர அளவுதான், ஐயா. ஆனால் மேட்டின் மேல் உப்பு மெலிந்திருக்கிறது. தடிமன் இரு பக்கங்களிலும்தான்.

பதில் 1:
பொய் மேடு தடித்த உப்புக்கு அடியில்தான் தோன்றும்; இங்கே உப்பு மெலிந்திருப்பதால் மேடு உண்மை. ஆழ அளவுக்கு மாற்றினால் இன்னும் உயரமாகவே தெரியும்.

பதில் 2:
இனி உப்போடு சேர்ந்து நகர்ந்து பாருங்கள். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த இந்த உப்பு, சரிவில் மேற்கு நோக்கி வழிகிறது. மேட்டை நெருங்கும்போது வழி குறுகுகிறது. அழுத்தத்தால் பிதுங்கி ஓடும் உப்புக்குத் தடிமன் பாதியானால் ஓட்டம் எட்டில் ஒரு பங்காகிவிடும். பின்னால் வருவது தேங்கிப் புடைக்கும். மேலுள்ள படிவு மடியும். மேட்டைத் தாண்டித் தடித்த உப்புக்குள் இறங்கும்போது ஓட்டம் விரைகிறது, படிவு இழுபட்டுப் பிளக்கிறது. மேட்டின் மேற்குச் சரிவு முடியும் அடிவாரத்தில் மீண்டும் வேகம் குறைகிறது. அங்கே உங்கள் இரண்டாவது மடிப்பு.

படிவும் உப்பின் மேலேறிப் பயணம் செய்கிறது என்பதை மறக்காதீர்கள். கிழக்கே மடிந்த அடுக்கு மேட்டைக் கடந்தபின் பிளக்கும். ஒரே அடுக்கில் இரண்டு தடயங்களும் இருக்கின்றனவா?

மாணவி:
இருக்கின்றன! மடிப்பின் முதுகையே பிளவு வெட்டுகிறது. வரைவுப் பிழை என்று நினைத்து அதைத்தான் அழித்தேன்.

பதில் 2:
அதைத் திரும்ப வரையுங்கள். அடிவாரத்துக்கு மேலுள்ள பள்ளப் படிவுகளையும் பாருங்கள்: பழைய அடுக்குகள் மேற்கே நகர்ந்திருக்க, புதியவை ஒன்றுக்குக் கிழக்கே ஒன்றாகப் படிந்திருக்கும். மிகப் பழைய பள்ளம் இப்போது அடிவாரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, படிவு குறைந்தது அவ்வளவு நகர்ந்திருக்கிறது.

மாணவி:
அளந்துவிட்டு எழுதுகிறேன், ஐயா.