புதுப்பிப்பு: ஒரே பதிவு பல வரிகளாக உடைந்ததன் காரணம்

நூலகப் பட்டியல் கோப்பைப் பைத்தான் 3-இல் படிக்கும்போது ஒரே பதிவு பல வரிகளாக உடைகிறது என்று முன்பு கேட்டிருந்தேன், காரணம் கிடைத்துவிட்டது. கோப்பு, நூலகப் பதிவுகளைக் கணினியில் சேமிப்பதற்கான மார்க் 21 (MARC 21) வடிவிலானது. அதில் புலம் (தலைப்பு, ஆசிரியர் போன்ற பதிவின் ஒரு பகுதி) ஒவ்வொன்றும், எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி (ASCII) முறையின் 30-ஆம் குறியிலும், பதிவு 29-ஆம் குறியிலும் முடிகின்றன. கண்ணுக்குத் தெரியாத இக்குறிகள், மறைந்துள்ள குறிகளையும் காட்டும் ரெப்ர் (repr) கொண்டு அச்சிட்ட பிறகே வெளிப்பட்டன. முழுக் கோப்பையும் ஒரே சரமாக (string) படித்து, அதை வரிகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்லைன்ஸ் (splitlines) முறையை அழைத்ததுதான் என் பிழை. ஃபார் சுழற்சியில் கோப்பை வரிவரியாகப் படிக்கும்போது வரி முடிவாகக் கொள்ளப்படாத 28, 29, 30 ஆகிய குறிகளை அம்முறை வரி முடிவாகவே கொள்கிறது. இப்போது கோப்பை, எழுத்துகளாக மாற்றாமல் பைட்டுகளாகவே படிக்கும் பைனரி முறையில் திறந்து, 29-ஆம் குறியில் மட்டும் பிரித்து, அதன் பின்னரே யூடிஎஃப்-8 சரமாக மாற்றுகிறேன். பதிவுகள் முழுமையாக வருகின்றன. சரத்தின் மீது ஸ்ட்ரிப் (strip) முறையை, எந்தக் குறியை நீக்குவது என்று சொல்லாமல் வெறுமனே அழைப்பதையும் தவிர்க்க வேண்டுகிறேன்: ஓரங்களில் உள்ள 28 முதல் 31 வரையிலான குறிகளை அது வெற்றிடமாகக் கருதி நீக்கிவிடும்.