நிலையற்ற கடத்தலா, ஊசிமுனைக் கடத்தலா? பூச்சியும் வைரஸும்: சொல் தேடல்

அன்பர்களே,

சோயா மொச்சைக் கையேட்டில், பூச்சிகள் செடிக்குச் செடி வைரஸைக் கடத்தும் வகைகளுக்கு ‘நிலைத்த கடத்தல்’ (persistent), ‘நிலையற்ற கடத்தல்’ (non-persistent) என்று வைத்துக்கொள்ளலாம் என ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. எனக்கு உடன்பாடில்லை. பரீட்சை எழுதுகிறவருக்கு அது போதும், வயலில் நிற்கிறவருக்குத் தப்பான சேதி சொல்லும். ‘நிலையற்ற வைரஸ்’ என்று எழுதினால் எங்கள் குமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் ‘சரி, கொஞ்ச நாளில் தானே போயிடும்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். போகாது. நிலைக்காமல் போவது பூச்சியின் வாயில்தான். செடியில் கடைசிவரை இருக்கும், சோயா தேமல் வைரஸ் என்றால் விதைக்குள்ளும் ஏறி அடுத்த விதைப்புக்குக் கூடவே வரும்.

இந்தப் பாகுபாடே பூச்சி எவ்வளவு நேரம் வைரஸைக் கடத்தவல்லது என்பதை வைத்து 1939-இல் வாட்சன், ராபர்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் செய்தது. பிறகு 1962-இல் கென்னடி, டே, ஈஸ்டாப் மூவரும் வைரஸ் பூச்சியின் உடம்பில் எங்கே தங்குகிறது என்று பார்த்து வேறு பெயர்கள் வைத்தார்கள். நாம் ஏன் முதல் வழியையே பிடித்துத் தொங்க வேண்டும்? இடத்தை வைத்துப் பெயரிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் பெயரிலேயே பாதி விளங்கிவிடும்.

என் முன்மொழிவு: ஊசிமுனைக் கடத்தல், முன்குடல் கடத்தல், உடல்சுற்றுக் கடத்தல்.

ஊசிமுனை என்பது அசுவினி தேமலைக் கடத்தும் முறைக்கு. அதன் வாய் ஊசி மாதிரி. சில நொடி குத்தி ருசி பார்த்தாலே வைரஸ் ஒட்டிக்கொள்ளும், அடுத்த செடியில் சில நொடி குத்தினால் இறங்கிவிடும். சோயாவில் குடியிருக்காத, வழிப்போக்காக வந்து இறங்கும் சிறகு முளைத்த அசுவினிகூட தேமலைப் பரப்புவது இதனால்தான். மருந்து அதைக் கொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும், சில மருந்து பட்ட அசுவினி தவித்து இன்னும் நாலு செடியைக் குத்தவும் செய்யும். ஆகவே மருந்தை நம்புவதைவிட நல்ல விதை, தேமல் கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்குவது. எங்கள் கொடிப்பயறில் கரும் அசுவினி தேமலைக் கொண்டுவருவதும் இதே கதைதான்.

உடல்சுற்று வேறு. வெள்ளை ஈ, மஞ்சள் தேமல் கண்ட செடியில் உட்கார்ந்து நிதானமாக உறிஞ்ச வேண்டும். வைரஸ் குடலைத் தாண்டி, பூச்சியின் உடல்நீரில் கலந்து, எச்சில் சுரப்பிக்கு வந்து சேரச் சில மணி நேரமாவது ஆகும். வந்துவிட்டால் பல நாள், பெரும்பாலும் சாகும்வரை, கடத்திக்கொண்டே இருக்கும். இந்தத் தாமதம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம், இங்கே வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதில் பொருள் இருக்கிறது. வெள்ளை ஈ கடத்தும் மரச்சீனித் (மரவள்ளி) தேமலும், அசுவினியே கடத்தினாலும் வாழை முடிக்கொத்து நோயும் இந்த வகை. மரச்சீனியில் கம்பும் வாழையில் கன்றும் நோயைச் சுமக்கும் என்பது தனி. முடிக்கொத்து கண்ட மட்டி வாழையையோ செந்துளுவன் வாழையையோ அப்படியே தோண்டினால் அசுவினி சிதறிப் பக்கத்து வாழைக்குப் போகும், முதலில் அசுவினியைக் கொன்றுவிட்டுத்தான் தோண்ட வேண்டும். (தென்னை ஓலையில் வெள்ளைச் சுருள் சுருளாகப் படிகிற வெள்ளை ஈயை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அது சாறு உறிஞ்சும், கரும்பூசணம் படியவைக்கும், இந்தத் தேமல்களைக் கடத்தாது.)

முன்குடலுக்கு நாஞ்சில்நாட்டு நெல்லே போதும். நெல்லின் துங்ரோ என்ற வைரஸ் நோயைக் கடத்தும் பச்சைத் தத்துப்பூச்சி சில நாள் கடத்தும், இளம்பூச்சி தோலுரித்தால் அந்தத் திறன் போய்விடும், ஏனென்றால் முன்குடலின் உள்தோலும் சேர்ந்து உரிகிறது. இதற்கு வழங்கும் ‘அரைநிலைத்த’ (semi-persistent) என்ற சொல்லில் இதில் எதுவும் தெரியாது.

நண்பர் ஒருவர் ‘எச்சில் கடத்தல்’ என்று சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஊசிமுனையானாலும் உடல்சுற்றானாலும் கடைசியில் எச்சிலோடுதான் செடிக்குள் போகிறது. இரண்டுக்கும் பொதுவானதை ஒன்றுக்கு மட்டும் பெயராக வைக்க முடியாது. ‘தற்காலிகக் கடத்தல்’ அதைவிட மோசம், நிலையற்றதன் தம்பி.

உடல்சுற்றுக்குள் ஒரு உட்பிரிவு வேண்டும். சோயா நரம்புக் கருகல் வைரஸ் இலைப்பேனின் உடலில் சுற்றுவதோடு நிற்காமல் அங்கேயே பெருகவும் செய்கிறது. குஞ்சாக இருக்கும்போது வாங்கினால்தான் வளர்ந்தபின் கடத்தும். இதற்கு ‘உடல்பெருக்கு’ என்றால் ஆளின் உடம்பு பெருப்பது போலத் தோன்றுகிறது. ‘பூச்சியுள் பெருகும் வைரஸ்’ என்று நீட்டியே எழுதலாம், எல்லாவற்றையும் ஒற்றைச் சொல்லாக்கத் தேவையில்லை.

இன்னும் ஒட்டாமல் நிற்பது வண்டு. அமெரிக்கச் சோயாவில் காய்ப் பொட்டு வைரஸை ஒரு இலை வண்டு கடித்துத் தின்னும்போது கக்கிப் பரப்புகிறது. அதற்கு ஊசியே கிடையாது, என் மூன்று பெட்டியிலும் அது அடங்கவில்லை. ‘கக்கல் கடத்தல்’ என்று எழுதிப் பார்த்தேன், பொருள் சரி, அச்சில் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. ‘கடிவழிக் கடத்தல்’ தேறுமா? கையேட்டின் வண்டுப் பகுதி அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.