பழைய எக்ஸ்1 டீசல்: இ84 வாங்கலாமா, எஃப்48 வாங்கலாமா?

பயணி_சாலை:
செகண்ட் ஹேண்டில் பிஎம்டபிள்யூ எக்ஸ்1 20டி (2 லிட்டர் டீசல்) பார்க்கிறேன். 2014 இ84 (முதல் தலைமுறை) ஒன்று, 2017 எஃப்48 (இரண்டாம் தலைமுறை) ஒன்று. இரண்டுமே சென்னை ஆலையில் அசெம்பிள் செய்தவை, ஆல் வீல் டிரைவ் இல்லாதவை. பெயர் ஒன்றுதான், வண்டியும் ஒன்றுதானா? என்ன பார்த்து வாங்க வேண்டும்?

ஸ்பானர்_8மிமீ:
பெயர் மட்டும்தான் ஒன்று. இ84 என்பது 3 சீரிஸ் எஸ்டேட்டின் அடித்தளம்: இன்ஜின் நீளவாக்கில், இழுவை பின்சக்கரத்தில். எஃப்48-இல் இன்ஜின் குறுக்குவாக்கில், இழுவை முன்சக்கரத்தில். மினியோடு பங்கிட்டுக்கொண்ட அடித்தளம். வேடிக்கை என்னவென்றால், வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2760-இலிருந்து 2670 மி.மீ.யாகக் குறைந்தது, இடமோ கூடியது. டிக்கி 420 லிட்டர் 505 ஆனது. இன்ஜினைக் குறுக்கே திருப்பி, சீட்டை உயர்த்தி நிமிர்ந்து உட்கார வைத்ததால் வந்த லாபம். ஸ்டியரிங் சுகம் வேண்டுமென்றால் இ84. பின்சீட்டில் பெரியவர்கள் உட்கார்வார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், எஃப்48.

டைமிங்_செயின்:
இ84 20டி-யில் முதலில் கேட்க வேண்டியது செயின் சத்தம். அதன் என்47 இன்ஜினில் டைமிங் செயின் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைக்கும் சங்கிலி) கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. மாற்ற கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியே ஆகவேண்டும். செயினைவிடக் கூலிதான் வலிக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். போகும்போதே பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். 1500-2000 ஆர்பிஎம்மில், இன்ஜினின் பின்கோடியில் கரகரவென்று உரசல் கேட்டால் விலகிவிடலாம். செயின் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். ஆரம்பகால என்47-இல்தான் இது அதிகம். 2014-க்கு அபாயம் குறைவு, ஆனால் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்ட வண்டி எந்த ஆண்டானாலும் ஆபத்துதான்.

எஃப்48-இன் பி47 இன்ஜினிலும் செயின் பின்னால்தான். அங்கே இஜிஆர் கூலரைத்தான் (இன்ஜினுக்குத் திருப்பிவிடும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) முதலில் பார்க்க வேண்டும். உள்ளே கூலன்ட் கசிந்து புகைக்கரியோடு சேர்ந்தால் தீப்பற்றும் வாய்ப்பு உண்டு. அதற்காக உலகளவில் ரீகால் (நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) நடந்தது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேளுங்கள். வெளியே சொட்டு இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் சந்தேகப்படுங்கள்.

ஸ்பானர்_8மிமீ:
கியர்பாக்ஸும் வேறு வேறு. 2014 இ84-இல் இசட்எஃப் நிறுவனத்தின் 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். "ஆயுளுக்கும் ஆயில்" என்ற பேச்சை நம்பாதீர்கள். 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்வது இசட்எஃப்பே. ஃபில்டர் அடியிலுள்ள பிளாஸ்டிக் ஆயில் தட்டோடு சேர்ந்தே வரும், மொத்தமாக மாற்ற வேண்டும். ஆயில் 30-50 டிகிரியில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். எஃப்48-இல் இருப்பது ஐசின் நிறுவனத்தின் 8 ஸ்பீடு. அதில் இசட்எஃப் ஆயிலை ஊற்றக் கூடாது, "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று யார் சொன்னாலும்.

பயணி_சாலை:
நன்றி. புதிய யு11 (மூன்றாம் தலைமுறை எக்ஸ்1) வரை போகலாமா?

டைமிங்_செயின்:
அதுவும் முன்சக்கர வழிதான், டிக்கி மாடலைப் பொறுத்து 540 லிட்டர் வரை. ஐடிரைவ் திருகு (திரையை இயக்கும் குமிழ்) போய்விட்டது, ஏசிக்கும் திரையைத்தான் தடவ வேண்டும். உங்கள் பட்ஜெட்டில் எஃப்48 போதும். இஜிஆர் ரீகால் வேலை முடிந்த ரசீது கையில் இருந்தால் மட்டும்.