நீங்கள் பார்த்த பாலஸ்தீனப் படம்: மனதில் நின்றது எது?

நெய்தல்:
'கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து' மாதிரி பட்டியல் வேண்டாம். யாரோடு பார்த்தீர்கள், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள், அப்புறம் என்ன பேசிக்கொண்டீர்கள், அதைச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ஃபரா நபுல்சியின் 'தி பிரசன்ட்' (2020). அரை மணி நேரம்கூட ஓடாது. கல்யாண நாளுக்கு மனைவிக்கு ஃபிரிட்ஜ் வாங்கித் தர யூசுஃப் தன் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறார். கதையே அவ்வளவுதான். ஆனால் போக வர இஸ்ரேல் ராணுவத்தின் செக்பாயின்டைத் தாண்டியாக வேண்டும். காக்க வைத்ததில் குழந்தை உடையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறாள். அப்பாவால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. திரும்பும்போது ஃபிரிட்ஜ் அந்தச் சுழல் கதவில் நுழையாது. குண்டுவெடிப்பு, ரத்தம் எதுவும் கிடையாது. இருந்தும் எனக்குக் கை நடுங்கியது.

ஷார்ஜாவாசி:
என்கூட வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பம், இஸ்ரேல் உருவான 1948இல், இன்று இஸ்ரேலில் இருக்கும் யாஃபாவை விட்டு வெளியேறியது. இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜோர்டானின் அம்மானில். அவரோடு ஆன்மேரி ஜாசிரின் 'வாஜிப்' (2017) பார்த்தேன்.

நாசரேத்தில் மகள் கல்யாணத்துக்கு அப்பாவும், இத்தாலியிலிருந்து வந்திருக்கும் மகனும் வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைக்கிறார்கள். போகிற வீட்டிலெல்லாம் உபசரிப்பு, ஊர் வம்பு. முகமது பக்ரியும் சாலே பக்ரியும் நிஜத்திலும் அப்பா, மகன். காருக்குள் அவர்கள் முட்டிக்கொள்வது நடிப்பாகவே தெரியாது.

வாத்தியாரான அப்பா ஒரு யூதருக்கும் பத்திரிகை வைக்க வேண்டும் என்கிறார். மகனைப் பொறுத்தவரை அந்த ஆள் இஸ்ரேல் உளவாளி. நான் மகன் கட்சி. சொந்த ஊரையே பார்க்காத நம்ம ஆளும் அதே கட்சியில்தான் இருப்பார் என்று நினைத்தேன். அவரோ படத்தை நிறுத்திவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார். "இத்தாலியில் உட்கார்ந்துகொண்டு ரோஷம் பேசலாம். அங்கேயே இருந்து, வாத்தியார் வேலையையும் காப்பாற்றி, பெண்ணையும் கட்டிக்கொடுத்துப் பார், அப்புறம் பேசு." நாசரேத்காரர்கள் இஸ்ரேல் குடிமக்கள், இவர் கையில் ஜோர்டான் பாஸ்போர்ட். ஒரே மக்கள்தான், ஆனால் வாழ்க்கை எவ்வளவு வேறு வேறாகப் போய்விட்டது என்று எனக்கு உறைத்தது அந்தச் சண்டையில்தான். மீதிப் படத்தை அடுத்த வாரம்தான் பார்த்தோம்.

பின்வரிசை:
இயக்குநர் எலியா சுலைமானை யாரும் சொல்லவில்லையே? 'டிவைன் இன்டர்வென்ஷன்', 2002இல் கான் விழாவில் ஜூரி பரிசு வாங்கியது. அவரே நடித்திருக்கிறார், வாயைத் திறக்கவே மாட்டார். பாலஸ்தீனத் தலைவர் அரஃபாத் முகம் போட்ட சிவப்பு பலூன் செக்பாயின்டைத் தாண்டிப் பறக்கும், சிப்பாய்கள் என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பார்கள். விழுந்து விழுந்து சிரித்தேன். மற்றபடி நடுவில் கொஞ்சம் தூங்கினேன், மறைப்பானேன்.

எடிட்டிங் மேசை:
நான் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். அதனாலோ என்னவோ '5 ப்ரோகன் கேமராஸ்' (2011) என்னை விடவே இல்லை. 2005இல் நாலாவது மகன் பிறந்தபோது அவனைப் படமெடுக்கத்தான் இமாத் பர்னாத் கேமரா வாங்குகிறார். அதே சமயத்தில் மேற்குக் கரையில் இருக்கும் அவருடைய பில்இன் கிராமத்து நிலத்தை வெட்டிக்கொண்டு இஸ்ரேலின் தடுப்பு வேலி வருகிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஊரே ஊர்வலம் போகிறது. கேமராவும் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது.

படத்தைப் பிரித்திருப்பதே கேமராக்களை வைத்துத்தான். ஒன்று உடைந்தால் அடுத்தது. இடையில் பையன் தவழ்கிறான், நடக்கிறான், கண்ணீர்ப்புகைக்கு நடுவே நிற்கிறான். குழந்தைகளுக்கெல்லாம் செல்லமான ஃபீல் என்கிற பாஸம், 2009இல் கண்ணீர்ப்புகைக் குண்டு நெஞ்சில் பட்டு இறந்துபோகிறார். 'ஃபீலை ஏன் கொன்றார்கள்' என்று பையன் அப்பாவைக் கேட்பான். பிறந்தநாள் வீடியோ எடுக்க வந்த ஆளிடம் அந்தக் கேள்வி!

இன்னொன்று, கூட்டு இயக்குநர் கை டாவிடி இஸ்ரேலியர். இதை வைத்து நண்பர்களுக்குள் பெரிய வாக்குவாதம். பாலஸ்தீனர்களும் இஸ்ரேலியர்களும் சேர்ந்து இயக்கிய 'நோ அதர் லேண்ட்' 2025இல் ஆஸ்கர் வாங்கியபோதும் அதே வாக்குவாதம். ஆனால் அந்தப் படமே அதை மறைக்கவில்லை: இயக்குநர்களில் மசாஃபர் யட்டா கிராமத்துப் பாலஸ்தீனர் பாசல் அத்ராவால் மேற்குக் கரையை விட்டு நகர முடியாது, இஸ்ரேலியரான யுவல் ஆபிரகாம் நினைத்தபோது காரில் வீட்டுக்குப் போகலாம். நட்பு இருக்கிறது, சமம் இல்லை. எனக்கு அந்த நேர்மை போதும்.

மூன்றாம் மாடி:
ஒரு சந்தேகம். எட்டாவது படிக்கும் மகளோடு 'ஃபர்ஹா' (2021) பார்க்கலாமா? படத்தில் வரும் பெண்ணுக்கும் அதே வயதாமே.

நெய்தல்:
பார்க்கலாம்மா. ஆனால் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். பட்டணத்துப் பள்ளியில் படிக்க ஆசைப்படும் பெண், 1948இல் ஊர் தாக்கப்படும்போது அப்பா அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார். பாதிப் படம் அந்த இருட்டுச் சாமான் அறைக்குள்தான். இடுக்கு வழியாக ஒரு குடும்பம் கொல்லப்படுவதைப் பார்க்கிறாள், கைக்குழந்தையை அப்படியே சாக விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த இடம் கடினம். ராத்திரி வேண்டாம், பகலில் போடுங்கள்.